கடல் கடந்து செல்லும் பிள்ளைக்கு எந்தப் பாடசாலை?

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இந்நாட்டு மக்களைக் குடிவரவு, குடியகல்வுத் திணைக்களத்தின் வாசலில் இரவு பகலாக வரிசையில் நிறுத்தியது. அவ்வாண்டில் மாத்திரம் 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட கடவுச்சீட்டுகள் விநியோகிக்கப்பட்டன. 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தொழிலுக்கென வெளிநாடு சென்றனர். திருகோணமலை மாவட்டம் இதற்கு விதிவிலக்காக இருக்கவில்லை. இங்கிருந்து வெளியேறுவது புதிய விடயமும் அன்று. 1983 இலும் 1990 இலும் 2006 இலும் உயிருக்கு அஞ்சி ஓடினோம். இப்பொழுது வருமானத்தைத் தேடி ஓடுகிறோம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. முன்னர் பெரும்பாலும் இளைஞன் ஒருவன் தனியே சென்றான். அல்லது மூதூரிலோ கிண்ணியாவிலோ இருந்து தாய் ஒருத்தி பிள்ளைகளை உம்மம்மாவிடம் விட்டுவிட்டு வளைகுடாவுக்குச் சென்றாள். இன்று பாடசாலை செல்லும் வயதுப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு குடும்பமாகப் புறப்படுவோரின் தொகை கூடியிருக்கின்றது.

துறைமுகத்தை அண்டிய லிங்கநகரிலிருந்து அவ்வாறான ஒரு குடும்பம் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். தகப்பனுக்குக் கனடாவிலோ இங்கிலாந்திலோ வேலை கிடைத்திருக்கிறது. பத்து வயதில் ஒரு மகள், பதினான்கு வயதில் ஒரு மகன். விசா எப்பொழுது வரும், முகவருக்கு எவ்வளவு, வீட்டை விற்பதா வாடகைக்கு விடுவதா, நகைகளை என்ன செய்வது என்று ஆறு மாதமாக ஆலோசனை நடக்கும். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற ஒரே பதில்தான் வரும். அங்கே போனதும், ஏற்கெனவே அங்குள்ள மச்சானோ சித்தப்பாவோ "இந்தப் பாடசாலைதான் திறம்" என்று சொல்லும் பாடசாலையைத் தேடி அலைவார்கள். இந்த இரண்டுமே தவறு என்பது எனது கருத்து. புறப்படும் முன்னர் யோசிக்க வேண்டியதைப் புறப்பட்ட பின்னரும், பெரிதாக யோசிக்கத் தேவையில்லாததை மிகப் பெரிதாகவும் யோசிக்கிறோம்.

இந்தத் தவறின் வேர் இங்கேதான் இருக்கிறது. எமது நாட்டில் ஒரு பிள்ளையைத் தரம் ஒன்றில் சேர்ப்பது ஒரு சிறு யுத்தம். கல்வி அமைச்சின் அண்மைய ஆண்டுகளின் சுற்றுநிருபங்களின்படி அனுமதியில் 50 சதவீதம் அண்மையில் வசிப்போருக்கு. 25 சதவீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. மிகுதி சகோதரர்கள், கல்வித்துறை ஊழியர்கள், இடமாற்றம் பெற்ற அரச உத்தியோகத்தர்கள் எனப் பிரிகிறது. பிள்ளையுடன் வெளிநாட்டில் வாழ்ந்து திரும்புவோருக்கு அந்தப் பட்டியலில் இறுதியாக ஒரேயொரு சதவீதம் உண்டு. நாளை திரும்பிவரலாம் என்று எண்ணிப் புறப்படுவோர் அந்த ஒரு சதவீதத்தையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நன்று. தூரத்துக்குப் புள்ளி என்றதும் மின்சாரப் பட்டியல் இன்னொருவர் பெயருக்கு மாறுவதையும், வாக்காளர் இடாப்பில் திடீரென உறவினர்கள் முளைப்பதையும் நாம் அறியாதவர்கள் அல்லர். "அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை" என்று அரசாங்கம் 2016 இல் ஒரு வேலைத்திட்டத்தையே ஆரம்பித்தது. ஆயினும் பெற்றோர் நம்பவில்லை. நம்புவதற்கு நியாயமும் இருக்கவில்லை. அண்மையிலுள்ள பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லையென்றால் தாய் தகப்பன் என்னதான் செய்வார்கள்?

திருகோணமலையில் இதற்கு மேலாக இன்னொரு வரைபடமும் உண்டு. இந்துக் கல்லூரி, மகளிர் கல்லூரி, முஸ்லிம் வித்தியாலயம், கத்தோலிக்கக் கல்லூரி, சிங்கள வித்தியாலயம் என்று பாடசாலைகளின் பெயர்களே யாருடைய பிள்ளை எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகின்றன. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களின் மூலம் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்ற பின்னரும் அந்த அடையாளங்கள் அழியவில்லை. 2018 ஏப்ரலில் ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயா தொடர்பாக எழுந்த சர்ச்சையும், 2022 பெப்ரவரியில் அது மீண்டும் தலைதூக்கியமையும் இவ்விரு சமூகங்களுக்கும் இன்னும் ஆறாத காயம். எப்பக்கம் நியாயம் என்பது இக்கட்டுரையின் பொருளன்று. எமது மனங்களில் பாடசாலை என்றதும் முதலில் எழும் கேள்வி "அது யாருடைய பாடசாலை?" என்பதையே அது காட்டியது. பெயர் பெற்ற பாடசாலை, எங்கள் பாடசாலை என்ற இந்த இரண்டு அளவுகோல்களையும் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டுதான் நாம் விமானம் ஏறுகிறோம்.

இறங்கும் நாட்டில் இவ்விரண்டுக்கும் பெறுமதி மிகக் குறைவு. அங்கே பெரும்பாலும் பாடசாலையை நாம் தெரிவதில்லை; வீட்டைத்தான் தெரிகிறோம், பாடசாலை தானாக அமைகிறது. சுவிற்சர்லாந்தில் நீங்கள் வசிக்கும் நகரசபையே பிள்ளைக்குரிய பாடசாலையைத் தீர்மானித்துக் கடிதம் அனுப்பும். நோர்வேயில் வீட்டுக்கு அண்மையிலுள்ள பாடசாலை பிள்ளையின் சட்டபூர்வமான உரிமை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அரச பாடசாலைச் சபைகள் முகவரியைக் கொண்டே இடம் ஒதுக்குகின்றன. பெற்றோருக்கு உரிய குடிவரவு ஆவணம் இல்லை என்ற காரணத்துக்காக அங்கு ஒரு பிள்ளையை மறுக்க முடியாது என்று மாகாணக் கல்விச் சட்டமே கூறுகிறது. ஆகவே "வாடகை மலிவு" என்ற ஒரே காரணத்துக்காக ஒரு வீட்டை எடுத்துவிட்டு, பின்னர் பாடசாலையைப் பற்றிக் கவலைப்படுவதில் பயனில்லை. முதல் வாடகை ஒப்பந்தத்தில் கையொப்பமிடும்போதே பாடசாலையும் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

இங்கிலாந்தில் விண்ணப்பம் உள்ளூராட்சிச் சபையின் ஊடாகவே செல்கிறது. செப்ரெம்பரில் ஆரம்பிக்கும் கல்வியாண்டுக்கு, ஆரம்பப் பாடசாலையாயின் அவ்வாண்டு ஜனவரி 15 உம், இடைநிலைப் பாடசாலையாயின் அதற்கு முந்தைய ஒக்டோபர் 31 உம் இறுதித் திகதிகள். எமது கல்வியாண்டின் கணக்கில் பழகிய பெற்றோர் இத்திகதிகளைத் தவறவிடுவது மிகச் சாதாரணம். தவறவிட்டவர்களும் ஆண்டின் நடுவில் சென்று இறங்குபவர்களும் எங்கே இடமிருக்கிறது என்பதைச் சபையிடம் கேட்டறிந்து விண்ணப்பிக்க வேண்டியதுதான். பெயர் பெற்ற பாடசாலையில் இடம் இராது. காத்திருப்போர் பட்டியலில் பெயரை எழுதிவிட்டுப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் பெற்றோரும் உண்டு. மூன்று மாதம் வீட்டிலிருந்து தொலைக்காட்சி பார்க்கும் பிள்ளை, அந்த மூன்று மாதமும் எந்தச் சாதாரணப் பாடசாலையின் முற்றத்தில் நின்றிருந்தாலும் அரைவாசி ஆங்கிலம் பேசத் தொடங்கியிருக்கும். போலி முகவரி கொடுத்து இடம்பெறும் எமது பழைய வித்தையை அங்கே காட்டினால், கிடைத்த இடமே பறிபோகக்கூடும்.

பாடசாலையின் தரத்தைக் கண்காணிப்பு அறிக்கையின் ஒரு சொல்லைப் பார்த்து முடிவு செய்வது இன்னொரு மயக்கம். "மிகச் சிறப்பு", "நன்று" என்று ஒரே சொல்லில் பாடசாலைகளை மதிப்பிட்டு வந்த இங்கிலாந்தின் பாடசாலைப் பரிசோதனை அமைப்பான ஒவ்ஸ்ரெட், 2024 செப்ரெம்பரில் அரச பாடசாலைகளுக்கு அந்த ஒட்டுமொத்த மதிப்பீட்டையே கைவிட்டது. ஒரு பாடசாலையை ஒரு சொல்லில் அடக்கிவிட முடியாது என்பதை அவர்களே ஏற்றுக்கொண்ட பிறகும் எமது வட்செப் குழுக்களில் அந்தப் பழைய சொற்களே இன்னும் சுற்றுகின்றன. புதிதாய் வந்த பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஆங்கிலம் தெரியாத பிள்ளைகள் இங்கு எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கென்று ஆசிரியர் ஒருவர் இருக்கிறாரா? அத்தகைய பிள்ளைகளை ஆண்டுதோறும் ஏற்றுப் பழகிய சாதாரணப் பாடசாலைக்கு, வாயடைத்து நிற்கும் பத்து வயதுப் பிள்ளையை என்ன செய்வது என்று தெரியும். பெறுபேற்றில் முதலிடத்தில் நிற்கும், புதியவர்களே வராத பாடசாலைக்கு அது தெரிந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. அங்கே பிள்ளை கடைசி வாங்கில் நல்ல பிள்ளையாக, மௌனமாக, ஒன்றும் விளங்காமல் இரண்டு வருடம் உட்கார்ந்திருக்கலாம்.

உண்மையில் முடிவைத் தீர்மானிப்பது பாடசாலையின் பெயரன்று. பிள்ளை எந்த வயதில், கல்வியின் எந்தப் படியில் போய்ச் சேர்கிறது என்பதே. இதைப் புறப்படும் முன்னரே யோசிக்கலாம். புறப்பட்ட பின்னர் மாற்ற முடியாது. ஜேர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பின் முடிவிலேயே, அதாவது பத்து வயதளவில், பல்கலைக்கழகத்துக்கு இட்டுச்செல்லும் பாடசாலைக்கு எந்தப் பிள்ளை போவது, தொழிற்கல்விப் பக்கம் எந்தப் பிள்ளை போவது என்பது பெருமளவில் முடிவாகிவிடுகிறது. சுமார் 50,000 தமிழர் வாழும் சுவிற்சர்லாந்தில் பொதுவாக ஆறாம் வகுப்பளவில் இப்பிரிப்பு நிகழ்கிறது. எமது லிங்கநகர் மகள் பத்து வயதில் அங்கே போய் இறங்கினால், வகுப்பறையில் எழுத்து ஜேர்மனையும் விளையாட்டு முற்றத்தில் சுவிஸ் பேச்சு வழக்கையும், அதாவது இரண்டு மொழிகளை, ஒன்றாகக் கற்றுக்கொண்டே அந்த வடிகட்டலையும் கடக்க வேண்டும். ஆறு வயதில் போயிருந்தால் அவளுக்கு அது விளையாட்டு. நோர்வேயிலோ பத்தாண்டுக் கட்டாயக் கல்வியில் பிரிப்பே இல்லை. முதல் ஏழாண்டுகளும் புள்ளியிடுவதுமில்லை. ஒன்ராறியோவில் ஒன்பதாம் வகுப்பில் மாணவரை இரு பாதைகளாகப் பிரித்துவந்த முறை 2021 முதல் படிப்படியாகக் கைவிடப்பட்டது. ஒரே பிள்ளை, ஒரே மூளை. போய்ச் சேரும் நாடும் வயதும் மாறினால் வாழ்வே மாறுகிறது. தரம் 5 புலமைப்பரிசிலைப் பற்றி இத்தனை அறிந்து வைத்திருக்கும் எம்மவர், போகும் நாட்டில் இந்தக் கதவு எந்த வயதில் மூடப்படுகிறது என்று ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டறியாமல் இருப்பது வியப்புக்குரியது.

பதினான்கு வயது மகனின் நிலைமை இதைவிடக் கடினமானது. இங்கிலாந்தில் பிள்ளையை வயதைக் கொண்டே வகுப்பில் இருத்துவார்கள். "ஒரு வகுப்புக் கீழே விடுங்கள்" என்று அதிபரிடம் கெஞ்சும் வழக்கம் அங்கு அநேகமாகப் பலிக்காது. பதினான்கில் போகும் பையன் பதினாறில் பொதுப் பரீட்சையை எழுத வேண்டும். கணிதத்தில் தேறுவான். வரலாற்றிலும் ஆங்கில இலக்கியத்திலும் தடுமாறுவான். இவ்விடத்தில் பலருக்கு உவப்பில்லாத ஓர் ஆலோசனையைச் சொல்ல வேண்டியிருக்கிறது: தரம் 10, 11 இல் படிக்கும் பிள்ளையை, முடியுமானால், க.பொ.த. சாதாரண தரத்தை இங்கேயே எழுதச் செய்த பின்னர் அழைத்துச் செல்லுங்கள். கையில் ஒரு முடிந்த சான்றிதழோடு போவது, முடியாத இரண்டு படிப்புகளுக்கிடையில் நிற்பதைவிட மேல். உயர்தரம் படிக்கும் பிள்ளையின் விடயத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் கல்வியில் பின்தங்கியவை என ஒதுக்கப்பட்ட 16 மாவட்டங்களுள் திருகோணமலையும் ஒன்று. திறமை அடிப்படையிலான இடங்களுக்கும் மாவட்டக் கோட்டாவுக்கும் மேலாக, அம்மாவட்டங்களுக்கெனத் தனியே 5 சதவீத இடங்கள் இருக்கின்றன. மருத்துவமோ பொறியியலோ எட்டிப்பிடிக்கும் தூரத்தில் நிற்கும் ஒரு பிள்ளையைப் பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கையில் விமானத்தில் ஏற்றும்போது எதைக் கைவிடுகிறோம் என்பதை அறிந்தே ஏற்ற வேண்டும். ஆயினும் குடும்பத்தைப் பிரிப்பதும் இலேசான விடயமன்று. விசா விதிகள் பிள்ளையின் பரீட்சைக்காகக் காத்திருப்பதில்லை. பிரித்தானியா 2024 ஜனவரி முதல் பெரும்பாலான மாணவர்களுக்கும் அவ்வாண்டு மார்ச் முதல் பராமரிப்புத் தொழிலாளருக்கும் குடும்பத்தை அழைத்துவரும் வசதியை நிறுத்திவிட்டது. 2025 ஜூலையில் பராமரிப்புத் தொழிலுக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதையே முடித்துக்கொண்டது. "பிறகு கூப்பிடலாம்" என்று விட்டுச் சென்ற பிள்ளைகளைக் கூப்பிட முடியாமற்போன பெற்றோரின் துயரத்தையும் இந்தத் தராசில் வைத்தே பார்க்க வேண்டும்.

இனி மொழி. வெளிநாடு போகப் போகிறோம் என்றதும், இங்கே தமிழ்மூலம் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை அவசரமாகத் தூக்கி ஒரு சர்வதேசப் பாடசாலையில் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. இவை கல்வி அமைச்சின் கீழன்றிக் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவை; நல்லவையும் உண்டு, பெயர்ப்பலகை மட்டும் உள்ளவையும் உண்டு. ஓர் ஆண்டுக்காக அங்கே மாற்றப்படும் பிள்ளை, பழைய பாடங்களையும் விட்டு, புதிய மொழியையும் பிடிக்காமல் அந்தரத்தில் நிற்கிறது. பிறகு விமானம் ஏறி மூன்றாவது பாடசாலைக்குப் போகிறது. மாலையில் ஆங்கில வகுப்புக்கு அனுப்புங்கள், அது போதும். பகலில் தமிழில் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் அது தொடர்ந்து விளங்கிப் படிக்கட்டும். தமிழில் பின்னக் கணக்கு விளங்கிய பிள்ளைக்கு ஆங்கிலத்தில் தேவைப்படுவது சொற்கள் மட்டுமே.

ரொறன்ரோவில் நீண்டகாலம் பணியாற்றிய கல்வியியலாளர் ஜிம் கம்மின்ஸ், 1970களின் இறுதியிலிருந்து குடிபெயர்ந்த பிள்ளைகளின் மொழியை ஆராய்ந்தவர். முற்றத்தில் பேசும் மொழி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும். பாடப் புத்தகத்தின் மொழி வயதொத்த பிள்ளைகளின் அளவுக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள்வரை எடுக்கும் என்பது அவரது முக்கியமான முடிவு. தாய்மொழியில் உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு இரண்டாம் மொழி இலகுவாக வருகிறது என்பதும் அவர் வலியுறுத்தியது. எமது பெற்றோரோ இரண்டாம் ஆண்டில் பிள்ளை சரளமாக ஆங்கிலம் பேசுவதைக் கேட்டு எல்லாம் முடிந்துவிட்டதென்று மகிழ்கிறார்கள். மொழி உதவி வகுப்பிலிருந்து பிள்ளையை எடுத்துவிடுமாறு ஆசிரியரிடம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அதை அவமானமாகக் கருதுகிறார்கள். வீட்டில் தமிழை நிறுத்தித் தமக்கே சரியாக வராத ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். இதனால் பிள்ளைக்கு வீட்டிலும் ஒரு முழு மொழி இல்லை, பாடசாலையிலும் இல்லை.

வளைகுடா நாடுகளின் கதை வேறு. அங்குள்ள அரச பாடசாலைகள் பெரும்பாலும் அந்நாட்டுப் பிரஜைகளுக்கும் அரபுமொழிப் பிள்ளைகளுக்குமே உரியவை. எமது பிள்ளைகள் கட்டணம் செலுத்தித் தனியார் பாடசாலைக்கே செல்ல வேண்டும். மஸ்கட், தோஹா, ரியாத் ஆகிய நகரங்களில் இலங்கையருக்கென்றே பாடசாலைகள் உண்டு. இந்தியப் பாடத்திட்டப் பாடசாலைகள் எங்கும் உண்டு. அங்கே அண்மையிலுள்ள பாடசாலை என்ற தத்துவம் செல்லாது. எந்தப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்கிறார்கள் என்பதே கேள்வி. ஏனெனில் வளைகுடாவில் எவரும் நிரந்தரமில்லை. ஒப்பந்தம் முடிந்த மறுமாதம் பிள்ளை கிண்ணியாவிலோ தோப்பூரிலோ ஒரு வகுப்பறையில் வந்து நிற்கும். சம்பளக் கடிதத்தில் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தை நிறுவனம் ஏற்கிறதா என்று பார்க்காமல் குடும்பத்தை அழைத்துச் சென்று, ஆண்டு முடிவில் திருப்பி அனுப்புவோர் உண்டு. வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்லும் தாய்க்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை. அவளுடைய பிள்ளை இங்கேயே நிற்கிறது. 2013 இல் அறிமுகமான குடும்பப் பின்னணி அறிக்கையும், 2022 இல் அதன் வயதெல்லை தளர்த்தப்பட்டமையும் தனிக் கட்டுரைக்குரியவை.

வயது என்றதும் மூதூரின் ரிசானா நபீக்கை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2005 இல் சவூதி அரேபியாவுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட அப்பிள்ளையின் கடவுச்சீட்டில் வயது கூட்டி எழுதப்பட்டிருந்தது. அவள் சிறுமி என்பதை நிரூபிக்கப் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைக் காட்டியும் பயனின்றி, 2013 ஜனவரி 9 ஆம் திகதி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஒரு பிறந்த திகதியைத் திருத்துவதை முகவர்களும் சில பெற்றோரும் சின்ன விடயமாகக் கருதும் பழக்கம் இதற்குப் பின்னரும் முற்றாக ஒழிந்ததா? பாடசாலையின் விடயத்தில் விளைவு அத்தனை கொடியதாக இராது. ஆனால் வயதைக் கொண்டே வகுப்பைத் தீர்மானிக்கும் நாடுகளில், ஒரு வயது கூட்டி எழுதப்பட்ட பிள்ளை தன் பாடசாலைக் காலம் முழுவதும் தன்னைவிட மூத்தவர்களோடு ஓட வேண்டியிருக்கும்.

மார்க்கமும் உடையும் பற்றிக் கவலைப்படும் பெற்றோருக்கு, குறிப்பாகப் பெண்பிள்ளைகளைப் பெற்ற முஸ்லிம் பெற்றோருக்கு, நாட்டுக்கு நாடு வேறுபாடு பெரிது. பிரான்ஸ் 2004 மார்ச் 15 ஆம் திகதிய சட்டத்தின் மூலம் அரச பாடசாலைகளில் வெளிப்படையான மதச் சின்னங்களைத் தடைசெய்தது. 2023 இல் அபாயாவும் அதற்குள் அடக்கப்பட்டது. இங்கிலாந்தில் சீருடை விதிகளை அந்தந்தப் பாடசாலையே தீர்மானிக்கிறது. தலையை மறைக்கும் துணியைச் சீருடையின் பகுதியாகவே ஏற்றுக்கொண்ட பாடசாலைகள் ஏராளம். ஒன்ராறியோவில் அரச நிதியில் கத்தோலிக்கப் பாடசாலைகளும் உண்டு. அவற்றின் ஆரம்பப் பிரிவில் சேர்வதற்குப் பொதுவாகக் கத்தோலிக்கராக இருக்க வேண்டும். உயர்பிரிவு எவருக்கும் திறந்தது. எங்கள் பிள்ளைக்கு எங்கள் சமயப் பாடசாலைதான் வேண்டும் என்று கருதும் பெற்றோரின் உரிமையை நான் மறுக்கவில்லை. அதற்காக இரண்டு பஸ் மாறிப் பிள்ளை செல்லும் தூரத்தையும், அயலில் அதற்கு ஒரு நண்பனும் இல்லாமற்போவதையும் அவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒன்ராறியோவின் அனுமதிப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: வீட்டில் பேசும் மொழி எது? லிங்கநகர்த் தகப்பனும் "தமிழ்" என்று எழுதுகிறார். கிண்ணியாத் தகப்பனும் "தமிழ்" என்றே எழுதுகிறார். ஸ்காபரோவில் ஒரு வகுப்பாசிரியருக்கு அந்த இரண்டு பிள்ளைகளும் ஒரே மொழிப் பிள்ளைகள்; ஒருவருக்கு மற்றவர் மொழிபெயர்த்து உதவும்படி பக்கத்துப் பக்கத்தில் இருத்துகிறார். குடாவின் இரு கரைகளில், சில மைல் இடைவெளியில் பிறந்து, ஊரில் ஒரே வாங்கில் ஒருநாளும் இருந்திராத இருவர் அங்கே பனிக் காலத்தில் ஒரே உணவுப் பெட்டியைப் பகிர்கிறார்கள். பெற்றோர் சந்திக்கும்போது சற்றுக் கூச்சமாக இருக்கும்தான். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்பட்டபோது ஓடத்தின் காலம் முடிந்தது என்று மகிழ்ந்தோம்; பாடசாலை வாசலுக்கு இன்னும் பாலம் போடவில்லை.

பிள்ளையின் பெயரும் இங்கே கவனிக்கத்தக்கது. எமது கடவுச்சீட்டுகளில் தகப்பன் பெயர் முன்னும் பிள்ளையின் பெயர் பின்னும் வருவதால், வெளிநாட்டு ஆசிரியர் பத்து வயதுச் சிறுமியை அவளுடைய தகப்பனின் பெயர் சொல்லி அழைப்பது அன்றாடக் காட்சி. முஸ்லிம் வீடுகளில் ஆண்பிள்ளைகள் மூவருக்கும் முதற்பெயர் முகம்மது என்றிருந்தால், பாடசாலைப் பதிவேட்டில் அண்ணனும் தம்பியும் ஒருவராகிவிடுவார்கள். அழைக்கும் பெயர் எதுவென்று முதல் நாளே எழுதிக்கொடுப்பது சிறிய வேலை. பிள்ளைக்கோ அது பெரிய விடயம்.

எமது மாவட்டத்துக்கு இவையெல்லாம் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய செய்திகள் அல்ல. பாடசாலை மாறுவது பிள்ளையை என்ன செய்யும் என்பதை எம்மைவிட நன்கு அறிந்தவர்கள் குறைவு. 2006 இல் சம்பூர்ப் பிள்ளைகள் மட்டக்களப்பின் முகாம்களிலும், அவ்வாண்டு ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம் பிள்ளைகள் கந்தளாயின் தற்காலிக இடங்களிலும் இருந்து படித்தார்கள். மன்னார்க் கடலைத் தாண்டி மண்டபம் முகாமை அடைந்த திருகோணமலைப் பிள்ளைகள், தமிழக அரசின் சாதாரணப் பாடசாலைகளில் அருகிலுள்ள ஊர்ப் பிள்ளைகளோடு சேர்க்கப்பட்டார்கள். எவரும் அவர்களுக்குச் சிறந்த பாடசாலை தேடவில்லை. முகாமுக்குப் பக்கத்திலிருந்ததே பாடசாலை. மொழி சொந்த மொழி. சந்திரகாசன் 1984 இல் ஆரம்பித்த ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் மாலை நேர வகுப்புகளை நடத்திக் கைகொடுத்தது. அம்முகாம்களிலிருந்து பட்டதாரிகள் வந்தார்கள். அண்மையிலுள்ள சாதாரணப் பாடசாலையும் கைவிடாத தாய்மொழியும் சேர்ந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு, எந்த வெளிநாட்டு ஆய்வையும்விட எமக்கு நெருக்கமான சான்று அதுவே.

ஆனால் அவர்களுள் ஊர் திரும்பியோரின் பிள்ளைகள் பட்ட சிரமங்களும் பாடமாகும். தமிழ்மூலமே படித்தும் பாடத்திட்டம் வேறு. சிங்களம் ஓர் எழுத்தும் தெரியாது. அங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு இங்கே எந்த வகுப்பு என்ற குழப்பம். இந்தியாவில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பதிவும் குடியுரிமைச் சான்றும் எடுக்கும் வரை எல்லாப் படிவங்களிலும் ஒரு வெற்றிடம். நாளை கனடாவிலிருந்தும் கட்டாரிலிருந்தும் திரும்பும் பிள்ளைக்கும் இதே வாசல்தான் காத்திருக்கிறது. வலயக் கல்விப் பணிமனைகள் அவர்களுக்கென ஒரு நிலையான ஏற்பாட்டை, குறைந்தது சிங்களத்துக்கும் தமிழுக்கும் ஓராண்டு இணைப்பு வகுப்பையாவது, வைத்திருப்பது அவசியம். இதைக் கேட்கும் குரல் இதுவரை எந்த அரசியல் மேடையிலும் ஒலித்ததாக நினைவில்லை.

ஆகவே லிங்கநகர்க் குடும்பம் பெட்டி கட்டும்போது நகைப்பெட்டிக்கு முன்னர் ஒரு கோப்பைக் கட்டட்டும். பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் பெற்ற புதிய பிறப்பத்தாட்சிப் பிரதி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் கையொப்பத்துடன் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, கடைசி மூன்று ஆண்டுத் தவணைப் பரீட்சை அறிக்கைகள், தடுப்பூசிகள் குறிக்கப்பட்ட சுகாதாரப் பதிவேடு. இந்தப் பதிவேட்டைப் பலர் பிள்ளைக்கு ஐந்து வயதானதும் எறிந்துவிடுகிறார்கள். ஒன்ராறியோவில் தடுப்பூசி விபரம் இல்லாத மாணவனைப் பாடசாலையிலிருந்து தற்காலிகமாக இடைநிறுத்தவும் சட்டத்தில் இடமுண்டு. பிள்ளைக்குக் கண்பார்வையிலோ கேட்டலிலோ கற்றலிலோ ஏதும் குறை இருப்பின், அதை மறைக்காமல் மருத்துவரின் கடிதமாக எடுத்துச் செல்ல வேண்டும். இங்கே வெட்கமாகக் கருதப்படும் அந்தக் கடிதத்துக்காக, அங்கே பிள்ளைக்குத் தனியே ஓர் ஆசிரியரைக்கூட நியமிப்பார்கள்.

விடுகைப் பத்திரத்தை மட்டும் கடைசியாக எடுங்கள். விசாவுக்கு விண்ணப்பித்த அன்றே "இனி என்ன படிப்பு" என்று பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்திவிடும் வீடுகள் எமது ஒழுங்கைகளில் இருக்கின்றன. விசா ஆறு மாதமாகியும் வராது, சிலவேளை மறுக்கவும்படும். அதற்கிடையில் பிள்ளை வகுப்பில் ஒரு தவணையை, சிலவேளை ஓராண்டையே, இழந்திருக்கும். திரும்பப் போக வெட்கப்படும். பதினாறு வயதுவரை பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டும் என்பது 2016 இலிருந்து இந்நாட்டின் விதியுமாகும். விமானச் சீட்டு கைக்கு வந்த பின்னர் அதிபரிடம் சென்று விடுகைப் பத்திரம் கேட்டால், ஓரிரு நாட்களில் தருவார்.